உகாண்டாவில் குழாயில்லாத வீடு: கொதிநீரா, குளோரினா, வடிகட்டியா?

ராதாபுரம், வள்ளியூர் வட்டாரங்களில் கோடை தோறும் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து வளர்ந்தவர்களுக்கு, உகாண்டாவின் சிற்றூர் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போய்க் குழாயில்லாத வீட்டில் குடியிருப்பது பெரிய அதிர்ச்சியாக இராது. அங்குள்ள அடிபம்புகளில் பல, நம் தெருமுனையில் நிற்கும் அதே இந்தியா மார்க் 2 வகையைச் சேர்ந்தவை. 1970களில் இந்தியாவில் உருவான அந்தப் பம்பை அடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடத்துக்குப் பதிலாக 20 லிட்டர் மஞ்சள் கேன் இருக்கும். (நிறைந்த கேன் 20 கிலோ எடை, அது இடுப்பில் நிற்காது, சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கவோ சைக்கிளில் கட்டவோ பழகிக்கொள்ள வேண்டும்.) வீடு வந்து சேர்ந்த நீரை எப்படிக் குடிக்கத் தக்கதாக்குவது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது.

கொதிக்கவைப்பது நம் வீடுகளில் பழகிய முறை. கிருமிகளை அழிப்பதில் அதை மிஞ்சிய எளிய வழி வேறில்லை. நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். 2000 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலங்களில் நீர் சுமார் 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், மூன்று நிமிடம் விட வேண்டும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் கொதிநீரில் பிழைக்காது. ஆனால் நாள்தோறும் கரி வாங்கி அடுப்பு மூட்ட வேண்டும், ஆறும்வரை காத்திருக்க வேண்டும், ஆறிய நீரிலோ காப்பு எதுவும் எஞ்சியிராது. யாரேனும் விரல் நனையச் செம்பை முக்கி எடுத்தால், அத்தனை பாடும் அந்த ஒரு முக்கலில் வீணாகிவிடும்.

குளோரின் மாத்திரை முந்துவது இந்த இடத்தில்தான். 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்கு உரியது. போட்டுக் கலக்கி அரை மணி நேரம் மூடி வைத்தால் ஆயிற்று. ஆழ்துளைக் கிணற்று நீர் பம்பின் வாயில் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். உட்புறம் பாசி படிந்த கேனும், வீட்டில் நீர் மொள்ளும் கையுமே அதைப் பிறகு கெடுக்கின்றன. கேனுக்குள் கொஞ்சம் மணலும் சிறு கற்களும் நீரும் இட்டுக் குலுக்கிக் கழுவுவது நல்ல வழக்கம். அதன் பின்னும் உள்ளே நுழையும் கிருமியை, நீரில் சிறிதளவு எஞ்சி நிற்கும் குளோரின் தடுக்கிறது. குழாயற்ற வீட்டில் நீர் நாள்கணக்கில் பாத்திரத்திலேயே நிற்கும் என்பதால், அன்றாடப் பயனுக்கு இதற்கே நான் முதலிடம் தருவேன். வாடை பிடிக்கவில்லை என்பார் உண்டு. பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் வரும் நீரைக் குடித்த நாக்குக்கு அது புதிதா என்ன?

இதற்கும் ஒரு தடை உண்டு. நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்ட இடங்களில் மார்க் 2 பம்பின் இரும்புக் குழாய்கள் அரித்துப்போய், நீர் துரு நிறத்தில் வரும். அதில் துவைத்த வேட்டி மஞ்சளாகும், போட்ட தேநீர் கறுக்கும். அந்த இரும்பே குளோரினைத் தின்றுவிடுகிறது. இரவு முழுதும் தெளியவைத்து, மேல்நீரைத் துணியில் வடித்த பிறகு மாத்திரை இடுவது ஒரு வழி; தகரக் கூரையிலிருந்து மழைநீர் பிடிப்பது அதைவிட நல்ல வழி. ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கும் நமக்குப் பொறாமை வரும்படி, தென் உகாண்டாவில் மார்ச் முதல் மே வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. கூரையின் பறவை எச்சத்தைக் கழுவி வரும் முதல் நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும்.

எவர்சில்வர் ஃபில்டரில் மாட்டும் வெள்ளைக் கேண்டில் கலங்கலையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் நிறுத்தும், வைரஸ்களை நம்பத்தக்க அளவுக்கு நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால் பயனே இல்லை. தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து ஆறு மணி நேரம் வெயிலில் கிடத்தும் முறைக்குச் செலவே இல்லை என்றாலும், மேகமூட்டமான நாள்களில் இரண்டு நாள் பிடிக்கும். மழைக்காலத்தில் அது கைகொடுக்காது.

குளிக்கும் நீரில் ஏரியா, வாளியா என்று தயங்கவே இடமில்லை. தாமிரபரணியில் முங்கிக் குளித்துப் பழகியவர்களுக்கு விக்டோரியா ஏரியைக் கண்டதும் இறங்கத் தோன்றும். அதன் கரையோர நத்தைகளிலிருந்து வெளிப்படும் பில்ஹார்சியா நோயின் புழுக்குஞ்சுகளோ, நீரை ஒரு வாய்கூடக் குடிக்காதவரின் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். ஏரி நீரைத் தவிர்க்க முடியாதென்றால், நத்தை சேராமல் முகந்து வந்து இரண்டு நாள் தொட்டியில் நிறுத்தினால் அவை செத்துவிடும்; அதன் பிறகு வாளியும் கோப்பையுமாகக் குளிக்க அரை வாளி போதும்.