தவறிப் போன புஷ்: ரிவர்ட்டா, ஃபோர்ஸ் புஷ்ஷா?

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் கருவியில், பலரும் வேலை செய்யும் மெயின் பிராஞ்சுக்கு (முதன்மைக் கிளைக்கு) முடிவுறாத கமிட் (பதிவுசெய்த மாற்றத் தொகுப்பு) ஒன்று தவறுதலாகப் புஷ் ஆகி, அதாவது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. கிட் ரிவர்ட், அந்த மாற்றங்களை நேர்மாறாக்கிய புதிய கமிட் ஒன்றைச் சேர்க்கிறது. ரீசெட் செய்து (பிராஞ்சைப் பழைய கமிட்டுக்குத் திருப்பி) ஃபோர்ஸ் புஷ் கொடுத்தாலோ (சர்வரில் இருப்பதன் மேல் வலிந்து எழுதினாலோ), பிராஞ்சே பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. எங்கள் குழு பகிர்ந்த பிராஞ்சுகளுக்கு ரிவர்ட்டையே விதியாக்கிக்கொண்டது.

ஃபோர்ஸ் புஷ்ஷுக்குப் பிறகு லாக் (கமிட்டுகளின் பட்டியல்) சுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான். ரிவர்ட்டில் வேண்டாத இரண்டு வரிகள் நிலைத்துவிடும். அந்தச் சுத்தத்துக்கு இதற்கு மேல் மதிப்பளிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

முடிவைத் தீர்மானித்தது, மற்றவர்களின் கணினிகளில் இருக்கும் பிரதிகள். சர்வரில் நீக்கிய கமிட், அதற்குள் புல் செய்துவிட்டவரிடம் (சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டவரிடம்) அப்படியே இருக்கிறது. அவர் அடுத்த முறை மெர்ஜ் முறையில் (இரு வரலாறுகளையும் இணைக்கும் வகையில்) புல் செய்யும்போது, கிட் அதை அவருடைய சொந்த வேலையாகவே கருதிச் சர்வரின் பிராஞ்சோடு இணைத்துவிடும். பிறகு அவர் புஷ் செய்தால், நீக்கிய கமிட் எந்த எச்சரிக்கையுமின்றி மெயினுக்குத் திரும்பிவிடும். ரீபேஸ் முறையில் (தன் கமிட்டுகளைச் சர்வரின் வரலாற்றுக்கு மேல் மறுபடி அடுக்கும் வகையில்) புல் செய்பவர்களிடம் கிட் பெரும்பாலும் ரெஃப்லாக்கை (பிராஞ்சு முன்பு எங்கிருந்தது என்ற குறிப்பேட்டை) பார்த்து அதை விலக்கிவிடும் என்றாலும், குழுவில் எல்லோரும் ஒரே அமைப்பை வைத்திருப்பதில்லை. ரிவர்ட்டில் இந்தச் சிக்கலே இல்லை. வழக்கமான புல் போதும், யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டியதில்லை.

இடையில் வேறொருவர் புஷ் செய்த வேலையை ஃபோர்ஸ் புஷ் அழித்துவிடவும் கூடும். சர்வர் நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே இருந்தால் மட்டும் புஷ் செய்யும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் இதைத் தடுக்கும். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானாகவே ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால் (சர்வரின் புதிய நிலையை இறக்கிக்கொண்டிருந்தால்), நாம் பார்க்காததும் பார்த்ததாகிவிடுவதால் அந்தக் காவல் பயனற்றுப்போகிறது. கிட் 2.30 பதிப்பில் வந்த ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் இந்த ஓட்டையை அடைப்பதற்கானது. 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தின் 180-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்) தவறுதலான ஃபோர்ஸ் புஷ்ஷால் பழைய நிலைக்குத் தள்ளப்பட்டபோது, மீட்புக்கு, அவற்றை வைத்திருந்த தளமான கிட்ஹப்பின் ஊழியர்களின் உதவி தேவைப்பட்டது.

ரிவர்ட்டிலும் ஒரு பொறி உண்டு. இரு பிராஞ்சுகளை இணைத்த மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்ய, எந்தப் பெற்றோர் கமிட்டை அடிப்படையாகக் கொள்வது என்று சொல்ல வேண்டும், அது எளிது. அதே பிராஞ்சைப் பின்னர் மீண்டும் மெர்ஜ் செய்தால், அதன் பழைய கமிட்டுகள் ஏற்கெனவே வரலாற்றில் இருப்பதால், ரிவர்ட் ஆன மாற்றங்கள் திரும்பி வராது என்பதுதான் பலரும் அறியாதது. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தாக வேண்டும்.

தனக்கு மட்டுமேயான பிராஞ்சில் ஃபோர்ஸ்-வித்-லீஸ் தாராளமாகப் போதும். கடவுச்சொல்லோ ஏபிஐ கீயோ (ஒரு சேவையை அணுகும் ரகசியக் குறியீடோ) வெளியேறியிருந்தால் ரிவர்ட், ஃபோர்ஸ் புஷ் இரண்டுமே தீர்வல்ல. ஃபோர்ஸ் புஷ்ஷுக்குப் பிறகும் ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு) தெரிந்தவர் கிட்ஹப்பில் அந்தக் கமிட்டைப் பார்க்க முடியும் என்பதால், முதலில் கீயை மாற்றிவிட்டுத்தான் வரலாற்றைத் தொட வேண்டும். பெரிய பைனரி கோப்பு ஏறிவிட்டால் ரிவர்ட் அதன் சுமையைக் குறைக்காது. அங்கே வரலாற்றை மாற்றி எழுதுவதே சரி என்று நினைக்கிறேன், ஆனால் அதைச் சிறிய குழுவில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.