பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: வோல்ற் மீற்றர் வைத்துப் பார்க்காமல் ஸ்ராட்டர் மாற்ற விடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கொரோலா, சன்னி ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஒருநாள் ஸ்ராட் வந்து மறுநாள் வராமல் நிற்கும் காரை ஒரு கராஜில் கொடுத்தோம். தேவையில்லாத பற்றரி ஒன்று, புதுசு என்று சொல்லித் தந்த பழைய ஸ்ராட்டர் (எஞ்சினைச் சுற்றித் தொடக்கிவிடும் மோட்டர்) ஒன்று, இரண்டுக்கும் காசு கட்டினோம். காரோடு வந்த நல்ல ஸ்ராட்டரும் கைவிட்டுப் போய்விட்டது. கராஜின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டும்.

எங்களுடையது கொரோலா 110. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். திறந்த பிறகும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் அப்பாவைக் கிளினிக்குக் கொண்டுபோவதும் என்னை வேலணைக்கு வேலைக்குக் கொண்டுபோவதும் இந்தக் கார்தான். இதை விட்டால் வேறு வழி இல்லை என்பது கராஜ்காரர்களுக்கும் தெரியும்.

காலையில் ஒரே திருப்பில் எடுக்கும். மத்தியான வெயிலில் பண்ணைப் பாலத்தால் வந்து, ஒரு கடையடியில் நிறுத்திவிட்டுத் திரும்பவும் திறப்பைத் திருப்பினால் 'டக்' என்று ஒரேயொரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்ட் லைற் எல்லாம் எரியும். கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல ஸ்ராட் வந்துவிடும்.

இப்படி இடைக்கிடை வரும் கோளாறில்தான் ஆளை ஏமாற்றுவது சுலபம். எதை மாற்றினாலும் அன்றைக்குக் கார் எடுக்கும். நாங்களும் சரிவந்துவிட்டது என்று காசைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம்.

முதலில் "அண்ணை, பற்றரி முடிஞ்சுது" என்றார்கள். போன வருடம் போட்ட பற்றரி. மீற்றர் வைத்துப் பார்க்கவே இல்லை. மாற்றினார்கள், கொஞ்ச நாளில் அதே 'டக்'. பிறகு "ஸ்ராட்டர் மோட்டர் போச்சுது, ஜப்பான் சாமான் புதுசு ஒண்டு இருக்கு" என்றார்கள். வெள்ளிப் பெயின்ற் மினுமினுக்க ஒன்றைப் பூட்டினார்கள். கழற்றியதைக் கேட்டால் "அது பழைய இரும்புக்குப் போட்டாச்சு அண்ணை" என்ற பதில். பில் என்று தந்தது கடையின் பெயரே இல்லாத துண்டுக் கடதாசி, சாமானும் கூலியும் சேர்த்து ஒரே தொகை. அதற்குப் பிறகும் கோளாறு வந்தது. இந்தமுறை "வயரிங் முழுக்க மாத்த வேணும்" என்றார்கள். அங்கிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

உறவுக்காரர் ஒருவர் கொக்குவில் பக்கம் வாகன வயரிங் செய்யும் ஒரு ஐயாவிடம் கூட்டிப்போனார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர், ஏ40 போன்ற பழைய கார்களை ஓட்டிய ஊர் இது. அந்தக் காலத்து ஆள் அவர். ஸ்பானரை எடுக்க முதல் கேள்விதான் கேட்டார். "சூட்டிலயோ குளிரிலயோ தம்பி? சத்தம் ஒண்டோ, கனக்கவோ?" பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தினார். கோளாறு வரும்வரை காத்திருந்தார். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

'டக்' வந்த நேரம் பார்த்து மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். 4 வோல்ற்றைத் தாண்டிக் காட்டியது. அந்த இடத்தில் அரை வோல்ற்றுக்கு மேல் வரவே கூடாது. அதே நேரம் பற்றரியில் 11-க்கு மேல் நின்றது. பிறகு ஜம்பர் கேபிள் ஒன்றால் நெகட்டிவையும் எஞ்சினையும் நேரே தொடுத்தார். திருப்பியதும் எடுத்தது.

பிழை ஏர்த் வயரில், அதாவது பற்றரியின் நெகட்டிவை எஞ்சினோடு தொடுக்கும் வயரில். வெளியே பார்த்தால் நல்ல வயர். ரேமினலுக்கு (பற்றரியில் வயர் பூட்டும் முனைக்கு) பக்கத்தில் உறையை வெட்டிப் பிரித்தால் உள்ளே செப்புக் கம்பிகள் கறுத்து, பச்சைத் தூள் கொட்டியது. கடலுக்குள்ளால் போகும் தெருவில் நாளாந்தம் ஓடும் காருக்கு உப்புக்காற்று இப்படிச் செய்யும் என்றார். ஸ்ராட்டர் 150 அம்பியர் அளவில் இழுக்கும். வயரில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ற் அதிலேயே போய்விடும். சூட்டில் தடை இன்னும் கூடும். லைற்றுகளுக்குச் சில அம்பியர் போதும், அதனால் அவை பிரகாசமாக எரிந்து எங்களை ஏமாற்றும். புது வயர், கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்கூட வரவில்லை.

அந்தப் 'புது' ஸ்ராட்டரையும் கழற்றிக் காட்டினார். பெயின்றுக்குக் கீழே துரு, காபன் பிரஷ் தேய்ந்து முடியும் நிலையில். இதுதான் எனக்கு மிகவும் வயிறெரிகிற விஷயம். எங்கள் பழைய டென்சோ ஸ்ராட்டர் உண்மையாகவே பழுதாகியிருந்தாலும், இந்த வகையில் பெரும்பாலும் தேய்வது சொலினொயிட்டுக்குள் (மோட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிச்சுக்குள்) இருக்கும் இரண்டு செப்புத் துண்டுகள். அதை மட்டும் மாற்றலாம், முழு மோட்டரையும் எறியத் தேவையே இல்லை.

கராஜுக்குப் போக முதல் நீங்களே கொஞ்சம் கவனியுங்கள். 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்தால் பற்றரி இறங்கியிருக்கும், அல்லது ரேமினல் தளர்ந்திருக்கும். ஒரே 'டக்' என்றால் எங்களைப்போல வயர், அல்லது சொலினொயிட். சத்தமே இல்லையென்றால் திறப்புச் சுவிச், ரிலே. ஓட்டோ கியர் என்றால் 'N' (நியூட்ரல்) இல் போட்டுத் திருப்பிப் பாருங்கள், அதில் எடுத்தால் கியர் சுவிச்சைத்தான் பார்க்கவேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் அது பெற்றோல் அல்லது ஸ்பார்க் பக்கம், ஸ்ராட்டரைத் தொட விடாதீர்கள். பற்றரி நல்லதென்றால் காரை நிறுத்தி ஆறவிட்ட பிறகு 12.6 வோல்ற் அளவில் காட்டும், ஸ்ராட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகாது. இந்த இரண்டையும் உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். வேலை தொடங்க முதலே கழற்றும் சாமான் எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லி, கழற்றுவதற்கு முன் லேபலைப் படம் எடுத்து வையுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், தொலைபேசி 1977. கையில் கடையின் பெயரோடு பில் இருந்தால் அங்கே பேசுவது எவ்வளவோ சுலபம். பெயர், திகதி, கார் இலக்கம், மாற்றிய சாமான், அது புதுசா பாவித்ததா, எல்லாம் எழுதிய பில் கைக்கு வராமல் காசைக் கொடுக்காதீர்கள்.