22 என்றார்கள், 15தான் வருகிறது
கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்று சொல்லி விற்றார்கள், ஆனால் தினமும் ஏசி போட்டு தாம்பரத்திலிருந்து கிண்டி போய்வருகிறேன், டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தபோதெல்லாம் 15ஐத் தாண்டவே இல்லை. அந்த 22 ரோட்டில் எடுத்த கணக்கே இல்லை. ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஏற்றி, ஏசியை அணைத்து, சுமார் 20 நிமிடம், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுப்பது. அதில் அடிக்கடி நிறுத்துவதும் உண்டு, அதனால் சிக்னலில் தானாக அணையும் எஞ்சினுக்கு அங்கே நல்ல மார்க். நம்ம வெயிலில் ஏசிக்காக அது உடனே மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறது! மைலேஜுக்காக, அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்படி கியரையும் நீளமாக வைத்திருக்கிறார்கள், அதனால் இழுவை குறைவு, மேம்பாலம் ஏறவே இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. சரி, சீட்டும் சஸ்பென்ஷனும் அருமை, அதில் குறையே இல்லை.