ஜேஎஸ்பி பக்கத்தில் லூப்பும் கண்டிஷனும்: ஸ்கிரிப்ட்லெட்டா, ஜேஎஸ்டிஎல்லா, சொந்த டேக்கா?

ஜேஎஸ்பி என்பது எச்டிஎம்எல்லுக்குள் ஜாவாவைக் கலந்து எழுதி, சர்வரில் ஓடும் பக்கம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் 30 சட்டமன்றத் தொகுதிகளையும் அப்படி ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரியில் 23, காரைக்காலில் 5, மாஹேயிலும் ஏனாமிலும் தலா 1. வெளியே நான்கு வட்டாரங்களுக்கு ஒரு லூப், உள்ளே தொகுதிகளுக்கு ஒரு லூப். திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு ஆகிய ஐந்தின் பக்கத்தில் மட்டும் ‘தனி’ என்று வர வேண்டும். மாஹேயின் கீழே மலையாளத்தில் ஒரு குறிப்பு, ஏனாமின் கீழே தெலுங்கில், மற்ற இரண்டுக்கும் தமிழில். மூன்று வழிகளையும் உரசிப் பார்க்க இந்த ஒரு பக்கமே போதும்.

பக்கத்துக்குள் நேரடியாக எழுதும் ஜாவாத் துண்டான ஸ்கிரிப்ட்லெட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு ஃபார், ஒரு இஃப், ஒரு இஃப்-எல்ஸ் சங்கிலி என்று எழுதினாலே திறக்கும் அடைப்புகளும் மூடும் அடைப்புகளும் எச்டிஎம்எல் வரிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். ஒன்றை மூட மறந்தால், மறந்த இடத்தில் பிழை வராது. டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஜேஎஸ்பியை சர்வ்லெட்டாக, அதாவது சர்வரில் ஓடும் ஜாவா கிளாஸாக, மாற்றும் பகுதி ஜாஸ்பர். அது உருவாக்கிய சர்வ்லெட்டின் கடைசியில் வரும். அப்போது டாம்கேட்டின் வொர்க் கோப்புறைக்குள் போய் அந்த ஜாவா கோப்பைத் திறந்து தேட வேண்டும். இதைவிடப் பெரிய குறை, மதிப்பை அப்படியே அச்சிடும் பழக்கம்: பயனர் தட்டச்சு செய்த பெயரில் ஸ்கிரிப்ட் இருந்தால் அதுவும் சேர்ந்து ஓடும். வேகம் என்று சிலர் வாதிடுவார்கள். டேட்டாபேஸுக்குப் போய்வரும் நேரத்துக்கு முன் அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

எடுத்தவுடனே கை வைக்க வேண்டியது ஜேஎஸ்டிஎல், ஜேஎஸ்பிக்கான ஆயத்த டேக்குகளின் தொகுப்பு. 2002இல் வந்த இந்தத் தொகுப்பில் சி:ஃபார்ஈச், சி:இஃப், உள்ளே சி:வென், சி:அதர்வைஸ் என்ற கிளைகளைக் கொண்ட சி:சூஸ் என்ற சில டேக்குகளே மேலே சொன்ன பக்கத்தை முழுக்க முடித்துவிடும். சொந்தமாக லூப் டேக் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இவற்றின் ஆட்ரிபியூட்டுகளை முழுதாகப் பார்க்காதவர்கள். வரிசை எண் வேண்டுமா, லூப்பின் நிலையைத் தரும் வார்ஸ்டேட்டஸில் கவுண்ட் 1இலிருந்தும் இண்டெக்ஸ் 0இலிருந்தும் கிடைக்கும். கடைசி வரிசைக்குக் கோடு வேண்டாமா, லாஸ்ட் இருக்கிறது. பிகின் 1, எண்ட் 23 என்றால் 23 முறை ஓடும். இரு முனைகளும் சேர்த்தி. பட்டியல் ‘நல்’ (மதிப்பே இல்லாத நிலை) ஆக வந்தால்கூட வெடிக்காது, காலிப் பட்டியலாக எடுத்துக்கொண்டு அமைதியாகத் தாண்டிவிடும்.

இந்த அமைதிதான் தொல்லையும் தருகிறது. ஜேஎஸ்டிஎல்லில் நடக்கும் தவறுகளில் பாதி, பிழைச் செய்தியே இல்லாமல் நடப்பவை.

முதலில் அமைப்பு. ஜேஎஸ்டிஎல் ஜார் டாம்கேட்டின் லிப் கோப்புறையில் இருக்காது. நாம்தான் வெப்-இன்ஃபுக்குள் இருக்கும் லிப்பில் வைக்க வேண்டும். டாம்கேட் 9 வரை ஜாவாக்ஸ் பேக்கேஜ்களுக்கான 1.2. டாம்கேட் 10இலிருந்து ஜகார்த்தா பேக்கேஜ்கள் என்பதால் பழைய ஜார் ஓடாது. புதிய பதிப்பின் ஏபிஐ ஜார், அதைச் செயல்படுத்தும் ஜார் இரண்டும் வேண்டும். ஜாரே இல்லாவிட்டால் ‘முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற செய்தி வரும். அது நல்ல பிழை, காரணம் உடனே புரியும். புரியாத பிழை ஒன்று உண்டு: ‘டெஸ்ட் ஆட்ரிபியூட் எக்ஸ்பிரஷனை ஏற்காது’. 1.0 காலத்து டேக்லிப் முகவரியை எங்கிருந்தோ நகல் எடுத்து ஒட்டியதுதான் காரணம். அதில் ஜேஎஸ்டிஎல் என்ற சொல்லுக்கு முன் ‘ஜேஎஸ்பி’ என்ற துண்டு இருக்காது. அந்தத் துண்டைச் சேர்த்தால் சரியாகும். டாலர் அடைப்புக்குள் எழுதியது அப்படியே எழுத்தாகப் பக்கத்தில் தெரிந்தால் செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லின் பதிப்பைப் பாருங்கள். 2.3 என்று இருந்தால் அந்த அடைப்புக்குள் எழுதும் எக்ஸ்பிரஷன் மொழியான ஈஎல்லை டாம்கேட் கண்டுகொள்ளாது, 2.4க்கோ அதற்கு மேலோ மாற்ற வேண்டும்.

அடுத்து, நம் பக்கத்திலேயே சிக்கும் கண்ணிகள். வட்டாரப் பெயர்களை ‘புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்’ என்று ஒரே சரமாக ஐட்டம்ஸில் கொடுக்கலாம். ஃபார்ஈச் கமாவில் வெட்டிக்கொள்ளும். ஆனால் கமாவுக்குப் பிறகுள்ள இடைவெளியை நீக்காது. இரண்டாவது பெயர் முன்னால் ஒரு இடைவெளியோடு வரும், ‘காரைக்கால்’ என்ற ஒப்பீடு தோற்கும், திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். டெஸ்ட் ஆட்ரிபியூட்டில் மூடும் அடைப்புக்கும் மேற்கோள் குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தாலும் இதே கதை: மதிப்பு ‘ட்ரூ’ அல்ல, இடைவெளி ஒட்டிய சரம்; அதை ஜாவா ஃபால்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும்.

தனித் தொகுதி என்பதை ஜாவாவில் ஒரே எழுத்தை வைக்கும் கேர் வகையில் ‘த’ என்று வைத்து, பக்கத்தில் அதோடு ஒப்பிட்டால் எண்ணாக மாற்ற முடியவில்லை என்ற எக்செப்ஷன் வரும். ஈஎல் கேர் வகையை எண்ணாகவே பார்க்கிறது, மேற்கோளுக்குள் இருக்கும் ‘த’வையும் எண்ணாக்கப் போகிறது. பூலியன் பண்பாக வைப்பதே சுத்தம். அதிலும் சிறிய எழுத்து பூலியன் வகைக்குத்தான் ‘இஸ்’ என்று தொடங்கும் மெத்தடை பீன் விதி (பண்பைப் படிக்கும் மெத்தடுக்குப் பெயரிடும் ஜாவா விதி) ஏற்கும். பெரிய எழுத்து பூலியன் ஆப்ஜெக்ட் என்றால் ‘கெட்’ வேண்டும். தொகுதி எண்ணை இன்டிஜர் சாவியாக்கி மேப்பில் வைத்தால், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 1 என்று எழுதித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஈஎல்லில் எழுதும் 1, லாங் வகை.

இரண்டு லூப்புக்கும் ஒரே வார் பெயர் வைக்காதீர்கள். உள் லூப் முடியும்போது தன் மாறியை அழித்துவிட்டுத்தான் போகும். அதற்குக் கீழே வட்டாரப் பெயரை அச்சிட முயன்றால் வெறுமை. சி:இஃபுக்கு எல்ஸ் கிடையாது, மொழிக் குறிப்புக்குச் சி:சூஸ்தான் வழி. சூஸுக்கும் முதல் வெனுக்கும் இடையே எச்டிஎம்எல் கமெண்ட் எழுதினால் பக்கம் கம்பைலே ஆகாது; ஜேஎஸ்பி கமெண்ட் மட்டும் எழுதலாம். டாலர் அடைப்பு தானாக எஸ்கேப் செய்யாது, அதாவது மதிப்பில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றாது என்பதையும் மறக்கக் கூடாது. பயனர் கொடுத்த எந்த மதிப்பும் சி:அவுட் வழியாகவே வரட்டும்.

ஜேஎஸ்டிஎல்லால் முடியாதது ஒன்று உண்டு: லூப்பைப் பாதியில் நிறுத்த பிரேக் இல்லை. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு அடுத்த பேருந்து ஒன்றை மட்டும் காட்ட வேண்டுமென்றால், முழு அட்டவணையையும் பக்கத்துக்கு அனுப்பி அங்கே நிறுத்த வழி தேடுவது தவறான இடத்தில் வேலை செய்வது. சர்வ்லெட்டிலேயே ஒன்றைத் தேர்ந்து அனுப்புங்கள்.

அப்படியானால் சொந்த டேக் எதற்கு? கண்டிஷனுக்கு உங்கள் தொழிலில் ஒரு பெயர் இருந்தால் மட்டும். ‘உள்ளே நுழைந்தவர், இந்த வட்டாரத்தின் அதிகாரி, திருத்தும் கெடு இன்னும் முடியவில்லை’ என்ற மூன்றும் சேர்ந்தால்தான் திருத்து பொத்தான் தெரிய வேண்டும் என்று வையுங்கள். பத்துப் பக்கங்களில் இதே மூன்றையும் சி:இஃபில் எழுதினால், கெடு விதி மாறும் நாளில் ஒன்பதைத் திருத்திப் பத்தாவதை விட்டுவிடுவோம். ‘திருத்தலாம்’ என்று ஒரு டேக் எழுதினால் விதி ஒரே இடத்தில் இருக்கும்.

எழுதும்போது சிம்பிள்டேக்சப்போர்ட் என்ற அடிப்படை கிளாஸையே எடுங்கள், ஜேஎஸ்பி 2.0இல், 2003இல் வந்தது. டூடேக் என்ற ஒரே மெத்தட். விதி பொருந்தினால் கெட்ஜேஎஸ்பிபாடியை வாங்கி இன்வோக் செய்தால் உள்ளிருப்பது அச்சாகும், இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாமல் திரும்பலாம். டேக்கைக் காலியாக எழுதியிருந்தால் பாடி ‘நல்’ ஆக வரும். ஒரு சோதனை போட்டுவிடுங்கள். டேக்குகளை விவரிக்கும் டிஎல்டி கோப்பில் பாடி கன்டென்ட்டை ஸ்கிரிப்ட்லெஸ் என்று குறிக்க வேண்டும். ஆட்ரிபியூட்டில் எக்ஸ்பிரஷன் வர வேண்டுமானால் ஆர்டி-எக்ஸ்பிஆர்-வேல்யூவை ட்ரூ ஆக்க வேண்டும், சொல்லாவிட்டால் ஃபால்ஸ்.

பழைய டேக்சப்போர்ட் வழியில் டூஸ்டார்ட்டேக், டூஆஃப்டர்பாடி, டூஎண்ட்டேக் என்று மூன்று இடம், ஒவ்வொன்றும் திருப்பித் தரும் மாறிலி வேறு. அதைவிட ஆபத்து, டாம்கேட் இந்த ஆப்ஜெக்டுகளைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துகிறது. லூப்பின் எண்ணியை ஃபீல்டாக வைத்துவிட்டு டூஸ்டார்ட்டேக்கில் பூஜ்யமாக்க மறந்தால், முதல் முறை சரியாக ஓடும் பக்கம் இரண்டாம் முறை நடுவிலிருந்து தொடங்கும். ரிலீஸ் மெத்தட் ஒவ்வொரு முறையும் அழைக்கப்படும் என்று நம்பி அதில் சுத்தம் செய்வதும் பலிக்காது. சிம்பிள்டேக்குக்கு இந்தச் சேமிப்பே இல்லை, ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட்.

சொந்த இஃப்-எல்ஸ் ஜோடி மட்டும் எழுத வேண்டாம். எல்ஸ் டேக்குக்குத் தனக்கு முன்னால் போன இஃபின் முடிவு தானாகத் தெரியாது. இரண்டையும் சுற்றிப் பெற்றோர் டேக் ஒன்று வைப்பதே சுத்தம். சி:சூஸ் அதைத்தான் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது.

திரும்பத் திரும்ப வருவது விதி அல்ல, தோற்றம் என்றால் டேக் ஃபைல் போதும். வெப்-இன்ஃபுக்குள் டேக்ஸ் கோப்புறையில் தொகுதிக் கட்டத்தின் எச்டிஎம்எல்லை வைத்தால் ஜாவா கிளாஸும் வேண்டாம், டிஎல்டியும் வேண்டாம். இரண்டு எச்சரிக்கைகள். அழைக்கும் பக்கத்தின் ஃபார்ஈச் மாறி உள்ளே தெரியாது. டேக் ஃபைலுக்குத் தனி பேஜ் ஸ்கோப், ஆட்ரிபியூட்டாகத்தான் கொடுக்க வேண்டும். தமிழ் எழுதுபவர்களுக்கு முக்கியமானது அடுத்தது: பக்கத்தின் தலையில் யூடிஎஃப்-8 என்று போட்டது டேக் ஃபைலைக் கட்டுப்படுத்தாது. அதன் டேக் டைரக்டிவ்விலும் பேஜ்என்கோடிங் போடாவிட்டால் பக்கம் முழுக்கத் தமிழாக இருந்து, ‘தனி’ என்ற ஒரு சொல் மட்டும் குப்பை எழுத்தாக வரும்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் புதிதாகத் தொடங்குபவர்கள் தைம்லீஃப் என்ற டெம்ப்ளேட் கருவியை எடுப்பது நல்லது. நேரடியாக ஓடும் ஜார் கோப்பாகக் கட்டினால் ஜேஎஸ்பி அங்கே சரிவராது. ஸ்ட்ரட்ஸ் 1 என்ற பழைய ஜாவா ஃப்ரேம்வொர்க்கின் லாஜிக் டேக்குகள் இருக்கும் பழைய பக்கங்களுக்கு ஜேஎஸ்டிஎல்தான் போக்கிடம். 2013இலேயே அந்த ஸ்ட்ரட்ஸின் ஆதரவு முடிந்துவிட்டது.

பழைய ஸ்கிரிப்ட்லெட் பக்கத்தை மாற்றும்போது வரி வரியாக மாற்றாமல் ஒரு லூப்பை முழுதாக மாற்றுங்கள். ஸ்கிரிப்ட்லெட் மாறியை ஈஎல் பார்க்காது, ஃபார்ஈச் மாறியை ஸ்கிரிப்ட்லெட் நேரடியாகப் பார்க்காது. பாதியில் நின்றால் இரண்டும் கெட்டுவிடும். ஃபார்ஈச்சுக்குள் ஒரே ஒரு ஸ்கிரிப்ட்லெட் மிஞ்சியிருந்தாலும் ஜாஸ்பரால் அந்தத் துண்டைத் தனி மெத்தடாகப் பிரிக்க முடியாது, எல்லாம் சர்வீஸ் மெத்தடுக்குள்ளேயே குவியும். பெரிய பக்கங்களில் ஒரு மெத்தடுக்கு 64 கேபி என்ற ஜேவிஎம் வரம்பு முட்டுவது இப்படித்தான். கடைசி ஸ்கிரிப்ட்லெட்டும் போனதும் வெப்.எக்ஸ்எம்எல்லின் ஜேஎஸ்பி-கான்ஃபிக்கில் ஸ்கிரிப்டிங்-இன்வேலிடை ட்ரூ ஆக்குங்கள். அதன்பின் அவசரத்தில் யாராவது ஒன்றை நுழைத்தால் அந்தப் பக்கம் கம்பைல் ஆகாமலே நின்றுவிடும்.