சிப்பின் முதுகில் இருக்கிற எழுத்தை நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் லினக்ஸ் போர்டுகளோடு (லினக்ஸில் ஓடுகிற சின்னக் கணினிப் பலகைகளோடு) வேலை செய்கிறவர்கள், முக்கியமாகப் புரொஜெக்ட்டுக்காகச் சாமான் தேடுகிற மாணவர்கள், ஃபிளாஷ் சிப் (கரண்ட் போனாலும் தரவு அழியாத நினைவகச் சிப்) வாங்க முன் இதை வாசியுங்கள்.

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணற்றின் நீர்மட்டம் பார்க்க ஒரு சின்ன லினக்ஸ் போர்டு வைத்திருக்கிறேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எஸ்டி கார்டு இரண்டு பழுதாகிவிட்டது. போர்டில் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்புக்கான இடம் காலியாக இருந்தது. நகரில் ஒரு கடையில் வின்பாண்ட் 25க்யூ128 என்று எழுதிய சிப் மூன்று வாங்கினேன், ஒன்று 850 ரூபா. 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். "ஒரிஜினல் சாமான் தம்பி, யோசிக்காதேங்கோ" என்றார் கடைக்காரர். பில் தரவில்லை.

ஒரு சிப்பைப் போர்டில் ஈயம் உருக்கி ஒட்டினேன். போர்டைத் தொடக்கிவிடுகிற யூ-பூட்டும், லினக்ஸின் மையமான கர்னலும் சிப்பில் எழுதப்பட்டன. மற்றக் கோப்புகள் எல்லாம் இருக்கிற பகுதியான ரூட் பார்ட்டிஷன் 5 மெகாபைட்டில் தொடங்கி 11 மெகாபைட் நீளம். அதை எழுதப் போனால் இடம் போதாது என்றது. பிழை என்னுடையது என்றே நினைத்து மூன்று இரவு போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்கிற டிவைஸ் ட்ரீ கோப்பைத் திருப்பித் திருப்பி எழுதினேன். கடைசியில்தான் கர்னல் லொக்கை (கர்னல் எழுதி வைக்கிற பதிவை) ஒழுங்காக வாசித்தேன். பார்ட்டிஷன் சிப்பின் எல்லையைத் தாண்டுகிறது, வெட்டிச் சிறிதாக்கினேன் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறது.

சிப் தன்னைப் பற்றித் தானே சொல்கிற அடையாள எண்ணைப் பார்த்தேன்: ஈஎஃப் 40 17. 128 மெகாபிட் சிப்புக்குக் கடைசியில் 18 வர வேண்டும். 17 என்றால் 64 மெகாபிட், வெறும் 8 மெகாபைட். ஒட்டியதில் பிழை என்றால் பெரும்பாலும் எல்லாம் 00 அல்லது எஃப்எஃப் என்றுதான் வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் அதே எண் சுத்தமாக வந்தது. ஒட்டாமல் வைத்திருந்த மற்ற இரண்டும் அப்படியே. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தபோது எழுத்து கறுப்பு மையோடு சேர்ந்து வந்துவிட்டது. லேசரில் பொறித்த எழுத்து அப்படி வராது. தயாரித்தவர்களில் குறை இல்லை, இடையில் யாரோ சுரண்டி மேலே வேறு எழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

திருப்பிக் கொண்டுபோனேன். "நீங்கள் சூடாக்கிப் பழுதாக்கிப்போட்டு இஞ்ச வாறியள்" என்றார். சூட்டினால் 18, 17 ஆகாது. ஒட்டாத இரண்டையும் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. காசு போனதைவிட, இதே சிப்பை நாளைக்கு ஒரு மாணவனுக்கும் விற்பார் என்பதுதான் எனக்குக் கோபம்.

சிப்பை ஒட்ட முன் அதன் கால்களைப் பிடிக்கிற கிளிப் மாட்டி அடையாள எண்ணை வாசியுங்கள். அதை வாசிக்கிற சின்ன யூஎஸ்பி புரோகிராமர் என்னிடம் இருக்கிறது. உரும்பிராய், கோண்டாவில் பக்கம் இருப்பவர்கள் கொண்டுவந்தால் காசில்லாமல் பார்த்துத் தருவேன்.