சங்கமா, கைதூக்கிவிடும் மேலதிகாரியா?

கறுப்பின ஊழியர்கள் வேலையில் மேலே வர எது உதவும்? அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் இரண்டு வழிகளையும் பார்க்கலாம்.

ஒன்று, ஊழியர்களே கூடி அமைக்கும் குழு. 1964-ல் ஜெராக்ஸின் ஊரான ரோசெஸ்டரில் இனக் கலவரம் வெடித்தது. 1970 வாக்கில் கறுப்பின ஊழியர்கள் தங்களுக்கென ஒரு குழு அமைத்தார்கள். தனியாகக் கேட்டால் ‘எப்போதும் குறை சொல்கிறவர்’ என்ற பேர்தான் மிஞ்சும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, நம்மை நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் மேலதிகாரி. 1989-ல் ஒரு கூட்டத்தில், பல இனத்தவரையும் சேர்க்கப் போனால் தரம் குறையாதா என்று ஒருவர் கேட்டார். மூத்த அதிகாரி வேலண்ட் ஹிக்ஸ் சொன்ன பதில் போதாது என்று பொறியாளர் அர்சுலா பர்ன்ஸ் அவரிடமே வாதாடினார். சரி, அத்தோடு அவர் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த ஆண்டே ஹிக்ஸ் அவரைத் தன் உதவியாளராக்கினார். பெரிய முடிவுகள் எடுக்கும் அறைக்கு அப்படித்தான் வழி திறந்தது. 2009-ல் பர்ன்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அமெரிக்காவின் மிகப் பெரிய 500 நிறுவனங்களின் பட்டியலான ஃபார்ச்சூன் 500-ல் உள்ள ஒரு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

பதவி உயர்வு என்று வந்தால் என் ஓட்டு மேலதிகாரிக்கே. ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு எந்த ஹிக்ஸையும் தெரியாது. அவர் முதலில் போக வேண்டியது குழுவிடம்தான்.