பீனிச ஒப்பரேசனுக்குப் பிறகு மணம்: குளிசையா, ஸ்ப்ரேயா, கழுவலா, கராம்பா?

மூக்குச் சதையை வெட்டி எடுத்தாயிற்று, மூச்சும் தாராளமாகப் போகிறது. ஆனால் ஒடியல் கூழுக்கு மணமில்லை. யாழ்ப்பாணத்தில் இதை நாலு பேரிடம் சொன்னால் நாலு வைத்தியம் வரும்.

ஸ்டீரொயிட் குளிசை எல்லாவற்றிலும் வேகம். சில நாளிலேயே மணம் எட்டிப்பார்க்கலாம். நிறுத்தினால் பலருக்குத் திரும்பப் போய்விடும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி ஏறும். வைத்தியர் எழுதித் தந்தால், அதுவும் கொஞ்ச நாளைக்கு மட்டும்.

உண்மையான போட்டி ஸ்டீரொயிட் ஸ்ப்ரேக்கும் மூக்குக் கழுவலுக்கும்தான். மணத்தைப் பிடிக்கும் நரம்பு மூக்கின் உச்சியில், ஒடுங்கிய பிளவுக்குள் இருக்கிறது. ஸ்ப்ரேயில் பெரும்பங்கு முன்பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சத்திரசிகிச்சையில் திறந்த மூக்கை, புடெசொனைட் என்ற ஸ்டீரொயிட் மருந்து கலந்த உப்புநீரால் கழுவினால் மருந்து சைனஸ் அறைகளுக்குள்ளும் இறங்கும். செலவும் மினக்கேடும் கூடத்தான். என்றாலும் என் வாக்கு இதற்கே. மருந்தின் அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்து ஆறிய பிறகுதான் மூக்குக்குள் விடலாம்.

மணப் பயிற்சி வேறு வகை. ஜேர்மனியின் டிரெஸ்டனில் தோமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்ட முறையில் ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு என்று நான்கு மணங்கள். காலையும் மாலையும், 12 கிழமை. இதற்கென்று விற்கும் எண்ணெய்ப் பெட்டிக்குக் காசு கொட்டத் தேவையில்லை என்பது என் எண்ணம். குசினியில் கராம்பு, கறுவா, தேசிக்காய்த் தோல், கோப்பித்தூள் இருக்கிறதே. பழைய மணத்தை நினைத்தபடி, அவசரப்படாமல் முகர வேண்டும். ஆனால் இதற்கு வலுவான சான்று இருப்பது வைரஸ் தடிமனால் மணம் இழந்தவர்களிடம்தான். சதை திரும்ப வளர்ந்து பிளவை அடைத்திருந்தால் கராம்பு என்ன செய்யும்? அப்போது கிளினிக்கில் கமரா விட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

சித்தாலேப பூசி, “மூக்கில் ஏறுது, மணம் வந்திட்டுது” என்பவர்களும் உண்டு. அந்த எரிவையும் குளிர்ச்சியையும் உணர்த்துவது முகத்தின் தொடுவுணர்வுக்கான முக்கிளை நரம்பு (trigeminal). மண நரம்பு அல்ல. தேசிக்காய்த் தோலில் சோதித்தால் உண்மை தெரியும்.

சதை திரும்பத் திரும்ப வளர்பவர்களுக்கு டுபிலுமாப் ஊசி இருக்கிறது. 2019இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. பலருக்கு மணத்தையும் மீட்டுத் தருகிறது, ஆனால் விலை நம்மில் அநேகருக்கு எட்டாது.

எதைத் தேர்ந்தாலும், மணம் வரும்வரை இரவில் காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுங்கள். கசிந்தால் உங்கள் மூக்கு சொல்லாது.